சரோஜா சொன்ன படம்

சித்திரை 9

காலையிலிருந்தே அனல். காற்று செத்துக் கிடக்கிறது. நெத்திலி பரப்பியாயிற்று, காக்கா ஓட்டுவது வழக்கம்போல என் தலையிலும் பக்கத்து வீட்டுக் குப்பு தலையிலும். கோலைத் தூக்கு, ‘ஹூ’ என்று கத்து, உட்கார். மறுபடி தூக்கு. பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியதிலிருந்து இதுதான் உத்தியோகம். எண்ணூரில் பதினாறு வயசுப் பெண்ணுக்கு வேறு என்ன இருக்கிறது? கடலைப் பார்க்கலாம். அலுத்துப்போனால் கழிமுகத்தைப் பார்க்கலாம்.

ஒரே ஒரு நல்ல சேதி. என் சிநேகிதி சரோஜா திரும்பி வந்துவிட்டாள். ராயபுரத்தில் அத்தை வீட்டில் பத்து நாள். சினிமா பார்த்தாளாம்! வந்ததும் வராததுமாகப் பிடித்துக் கருவாட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டோம். அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். எங்கள் குப்பத்தில் ஒருத்தி படம் பார்த்துவிட்டு வந்தால் எல்லாரும் பார்த்த மாதிரி. பாட்டு, சண்டை, அழுகை எல்லாவற்றையும் அவளே செய்து காட்ட வேண்டும்.

“ராஜா வருவாரா?” என்றாள் குப்பு. அவளுக்கு வயசு பன்னிரண்டு, வாய்க்கு ஐம்பது.

“ராஜாவும் கெடியாது, மந்திரியும் கெடியாது. கடலோரத்துல ஒரு குப்பம். அதுல நாலு பொண்ணுங்கோ. ஒண்ணியும் நடக்காது.”

“ஒண்ணியும் நடக்காததுக்கு இன்னாத்துக்குக் காசு குட்த்துப் பார்த்தே?”

“கேளுடி. சிரிச்சி சிரிச்சி வயிறு நோவும்.”

ஒன்றும் நடக்காத படம்! ஆனால் எழுந்து போக முடியவில்லை. அவள் சொன்ன ஜோரில் ஒரு நாய் வந்து கால் கூடை நெத்திலியைத் தின்றுவிட்டது. அம்மாவிடம் திட்டு.

சித்திரை 10

ஸ்டேஷன். அம்மா காலை பாசஞ்சரில் வண்ணாரப்பேட்டைக்கு மீன் விற்கப் போவாள். கூடையை ஸ்டேஷன் வரை தூக்கிப் போவது நான். ஒரு நாளில் குப்பத்தை விட்டு வெளியே கால் வைப்பது அந்த ஒரு தடவைதான்.

இன்றும் காட்டினார். (இதை யார் படிக்கப் போகிறார்கள், எழுதினால் என்ன.) கடைசிப் பெட்டியில் நிற்கிற கார்டு. வெள்ளைச் சட்டை. விசில் ஊதிப் பச்சைக்கொடி காட்டுவார். வண்டி கிளம்பத்தான் காட்டுகிறார், எனக்குத் தெரியாதா? எட்டாவது வரை படித்தவள். ஆனால் அந்தப் பெட்டி என்னைத் தாண்டும்போது கொடி இன்னொரு தடவை அசையும். அது வண்டிக்கு இல்லை. வண்டிதான் கிளம்பிவிட்டதே.

சரோஜா ஒருத்திக்குத்தான் இது தெரியும். மாசி மாதம் சொன்னேன். அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாள், யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று. அம்மா காதில் விழுந்தால் ஸ்டேஷன் அன்றோடு சரி. அப்புறம் காக்கா, கடல், காக்கா.

பகலில் படத்தின் தொடர்ச்சி. அந்தக் குப்பத்துக்கு ரோடு போட வந்த எஞ்சின் மணலில் புதைந்து நின்றுவிடுகிறது. ஊரே வேலையை விட்டுவிட்டு அதைச் சுற்றி உட்கார்ந்து பார்க்கிறது. ஒருத்தர் அதற்குத் தினமும் கும்பிடு போடுகிறார். எனக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. போன வருஷம் நம் ஊரிலும் இப்படி ஒன்று நின்றதே! அப்புறம் பெண்கள் செத்த காக்காவுக்குப் பாடை கட்டி ஒப்பாரி வைக்கிறார்கள். அதையும் நாங்கள் செய்திருக்கிறோம்.

“நம்மள ஆரோ மறைஞ்சி நின்னு பார்த்துகினு போய்ப் படம் எட்த்துட்டான்” என்றாள் குப்பு.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பெருமையாகக்கூட இருந்தது.

சித்திரை 11



படத்தில் வரும் நாலு பெண்களில் ஒருத்திக்கு ரயில் கார்டு மேல் ஆசையாம். பச்சைக்கொடி தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு தினமும் தலைவாரிப் போய் நிற்பாளாம். சரோஜா எழுந்து நின்று நடித்துக் காட்டினாள். தலையைச் சாய்த்து, தாவணி முனையைத் திருகி, ரயில் போன பிறகும் கையை ஆட்டிக்கொண்டு. குப்பு மணலில் விழுந்து புரண்டாள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடுமே.

“அந்தப் பொண்ணு அழகா இருப்பாளா?” என்று கேட்டேன். எப்படிக் கேட்டேனோ.

“சுமாரா கீறா.”

முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு யோசித்தால் சந்தோஷம். நான் மட்டும் இல்லை! எங்கேயோ இன்னொருத்தியும் இப்படி நின்றிருக்கிறாள், அவளை வைத்துப் படமே எடுத்திருக்கிறார்கள். படம் என்றால் கடைசியில் நல்லதுதானே நடக்கும்? கார்டு இறங்கி வந்து பேசுவாரா? முடிவைச் சொல்லு என்று கெஞ்சினேன். அப்புறம் சொல்கிறேன் என்று பிகு பண்ணிக்கொண்டு போய்விட்டாள்.

சித்திரை 12

சரோஜா வரவில்லை. வயிற்று வலியாம். காக்கா அதிகம். கொடி இன்று இரண்டாவது தடவை நன்றாகவே அசைந்தது.

சித்திரை 13, ஞாயிறு

அண்ணன் வந்தான். ஹார்பரில் மூட்டை தூக்குகிறான், ஜாகை ராயபுரத்தில். சாப்பிடும்போது படத்தைப் பற்றிக் கேட்டேன், முடிவாவது தெரியட்டும் என்று.

“குப்பத்துப் படமா? எங்க பக்கத்துக் கொட்டாயில ரெண்டு மாசமா ஒரே ராஜா படம்தான் ஓடிகினு கீது. யானகூட வருது. குப்பமாவது, கார்டாவது!”

“சரோஜா பார்த்தேன்னாளே?”

“அவளா? அவ அத்தைக்குக் கொழந்த பொறந்துகீது. வந்த நாள்லேர்ந்து தண்ணிக் கொயாகிட்ட குந்தினு துணி தோய்ச்சிகினு இருந்தா. நான்தான் தெனம் பார்த்தேனே. வாசலத் தாண்ட வுடல அந்தப் பொம்பள.”

படமே இல்லை. கொடிக்காரப் பெண் என்று வேறு எவளும் இல்லை. ரோடு எஞ்சின் எங்களுடையது, காக்கா எங்களுடையது, கொடி என்னுடையது. அவள் தாவணியைத் திருகி நடித்துக் காட்டியது என்னை. சுமாரா கீறாளாம்.

கற்பூரம் அணைத்த கைதானே அது! சோறு இறங்கவில்லை. அம்மா சூட்டு உடம்பு என்று மோர் கொடுத்தாள். குடித்தேன்.

சித்திரை 14

கிணற்றடியில் சரோஜாவைப் பிடித்துக்கொண்டேன்.

“உன்கிட்ட மட்டும்தானேடி சொன்னேன்?”

“உன் பேர சொன்னனா? சொல்லலியே.”

“சத்தியம் பண்ணியே!”

குடத்தை வறட்டு வறட்டென்று தேய்த்தாள். பிறகு, “பத்து நாள் ராயபுரத்துல இருந்துட்டு வந்து, பீத்துணி தோய்ச்சிகினு இருந்தேன்னு சொல்லச் சொல்றியா? அல்லாரும் என் வாயப் பார்த்துகினு குந்திகீறீங்கோ. நம்ம வூர்ல வேற இன்னாடி கீது சொல்றதுக்கு? ரோடு எஞ்சின் கீது. காக்கா கீது. உன் கொடி கீது” என்றாள்.

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குக்கூட ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். உடனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொல்கிறாள்:

“ஆனா கொடிதான்டி நல்லா எடுபட்டுச்சி. அதுக்குத்தான் அல்லாரும் வுயுந்து வுயுந்து சிரிச்சாங்கோ.”

கையை ஓங்கிவிட்டேன். நடுவில் குடம் இருந்தது, தப்பித்தாள். இனி அவளோடு பேச்சு இல்லை.

சித்திரை 15

குப்பு கண்டுபிடித்துவிட்டாள். தினமும் ஸ்டேஷனுக்குப் போகிற பெண் இந்தக் குப்பத்தில் நான் ஒருத்திதானே, இதற்குப் பெரிய மூளை வேண்டாம். காலையில் நான் கூடையோடு போகும்போது பூவரச இலையைப் பச்சைக்கொடி மாதிரி தூக்கி ஆட்டினாள். சாயங்காலத்துக்குள் வாண்டுகள் எல்லார் கையிலும் பூவரச இலை. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர்கூட ஒன்றைப் பறித்து ஆட்டிவிட்டு, வேறு வேலை இல்லாத மாதிரி ரொம்ப நேரம் சிரித்தார். அவருக்கு நிஜமாகவே வேறு வேலை இல்லை.

பூவரச மரத்தில் தாழ்ந்த கிளை எல்லாம் மொட்டை.

சித்திரை 16

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ரயிலில் மீன்காரிகள் பேசினார்களாம். திரும்பி வந்து கூடையை இறக்கி வைத்தாள், காலைக் கழுவினாள். அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

“கார்டுக்கு இன்னா தெரியும்? பாவம், அந்தாளு பொயப்புக்குக் கொடி ஆட்றான். நீ இன்னாத்துக்குடி அங்க போய்ப் பல்ல இளிச்சிகினு நிக்கறே?”

நான் கூடையை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன்.

“நாளைலேர்ந்து நீ வூட்டோட கெட. கூடைய சரோஜா தூக்கினு வருவா. ஒயுங்கான பொண்ணு. கேட்டேன், சரின்னுட்டா.”

சரி என்றாளாம். மறுபேச்சு இல்லையாம். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. எதைச் சொல்வது? படம் பொய் என்றா? கொடி நிஜம் என்றா? அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். ராத்திரிக் குழம்பில் உப்புப் போட மறந்தேன், யாரும் கவனிக்கவில்லை.

சித்திரை 17

வெயில். நெத்திலி கொஞ்சம், காக்கா நிறைய. பாசஞ்சர் ஊதுவது இங்கே வரைக்கும் கேட்கிறது, இத்தனை நாள் தெரியாது. ஊதியதும் என் கை தானாகவே கோலைத் தூக்கியது. காக்காவுக்குத்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

சரோஜா ஸ்டேஷனிலிருந்து நேரே மணலுக்கு வந்தாள். எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள்.

“கொடி காட்னானா? எப்டி காட்னான்? ஆடிக் காட்டு!” என்று குப்பு குதித்தாள்.

“வெயிலு. கூடை கனம்” என்றாள் சரோஜா. அவ்வளவுதான்.

“படத்துல கடைசில இன்னா ஆச்சி? அதையாவது சொல்லு.”

“அவ்ளோதான். படம் முடிஞ்சிட்ச்சி.”

ஓடாத எஞ்சினை அரைப் பகல் சொன்னவள். செத்த காக்காவுக்கு மூச்சு விடாமல் ஒப்பாரி வைத்தவள். இன்று வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள் அலுத்துப்போய் எழுந்து போனதும், பேசுவதில்லை என்ற வைராக்கியத்தை விட்டுவிட்டு நானே பக்கத்தில் போய்க் கேட்டேன்.

“ரெண்டாவது தடவ அசைஞ்சுதா?”

“இன்னா கொடி? நான் எங்க அதெல்லாம் பார்த்தேன்” என்றவள், காக்கா இல்லாத பக்கம் பார்த்து ‘ஹூ’ என்று கத்தினாள்.

தலையை எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். கனகாம்பரம் வைத்திருந்தாள். மீன் கூடை தூக்கப் போனவளுக்குப் பூ எதற்கு?