ஒப்பிட எடுத்த ரத்தம்

ஆனி 9, செவ்வாய்

மறதி நோய் வந்திருக்கும் செல்லம்மாவிடம் ரத்தம் எடுக்க இன்று வளப்பூர் நாடு என்ற மலை ஊருக்குப் போனேன். அந்த நோய்க்கும் ஒரு மரபணுவுக்கும் தொடர்பு உண்டா என்று எங்கள் ஆய்வில் பார்க்கிறோம். ஒப்பிட்டுப் பார்க்க, ரத்த உறவில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். கணவர்தானே, ரத்த உறவு எங்கிருந்து வரும் என்று நானே முடிவுகட்டி, செல்லம்மாவின் கணவர் பெரியண்ணனுக்கு ஊசி குத்திவிட்டேன். மடச்சி, முதலில் கேட்டிருக்க வேண்டாமா?

"இவ என்ற மாமன் மவளுங்க" என்றார், கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே.

அப்படியானால் இந்த ரத்தம் ஒப்பிட உதவாது என்றேன். அவர் கவலை வேறு.

"அப்ப எனக்கும் வருமுங்களா? வந்துட்டா இவள யாருங்க பாக்கறது?"

அந்த மரபணு இருப்பதாலேயே நோய் வந்துவிடாது என்றேன். அது உண்மைதான். வரவே வராது என்று சொல்லத்தான் வாய் எழவில்லை.

நான் கிளம்பும்போது பலாச்சுளையைக் கொட்டை நீக்கி மனைவிக்கு ஊட்டினார். எனக்கும் ஒன்று நீட்டினார். செல்லம்மா என்னை உற்றுப் பார்த்து, "யாரு இது?" என்று, நான் வந்தபோது கேட்டதையே மறுபடியும் கேட்டார்.

பெரியண்ணன் யோசிக்கவே இல்லை.

"நம்ம சொந்தக்காரப் புள்ளதான். நீ தின்னு கண்ணு."