வீசைக் கணக்கு

13-6-1966, திங்கள்

தூக்கம் வரவில்லை. ரயில் கேட்டைத் தாண்டிப் பள்ளிக்கு அனுப்பப் பயந்து, பீங்கான் கம்பெனி லைன் வீடுகளில் இருக்கும் அம்மாக்கள் நாங்களே முறைபோட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லித் தந்தோம். கணக்கு என் பொறுப்பு. எட்டாவது படித்தவள் என்று மற்றவர்களுக்கு என்மேல் நம்பிக்கை. எனக்கு அதைவிடத் திமிர்.

இன்று எல்லாரையும் நாலாம் வகுப்பில் சேர்க்க அழைத்துப் போனோம். ஒரு கிலோவுக்கு எத்தனை கிராம் என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். பிள்ளைகள் முழித்தன. பக்கத்து வீட்டு ஜெய்னம்புவின் மகள் பாத்திமா மட்டும் எழுந்து, "நாப்பது பலம் ஒரு வீசைங்க சார்" என்றாள். அவர் சிரித்துவிட்டார். "அந்தப் பழைய எடையெல்லாம் எப்பவோ எடுத்தாச்சே பாப்பா. யாரு சொல்லிக்குடுத்தது?"

கணக்கை முதலிலிருந்து படிக்கட்டும் என்று எல்லாரையும் ஒன்றாம் வகுப்பில் போடச் சொல்லிவிட்டார்.

கடையில் நானே கிலோவில்தான் வாங்குகிறேன். பாடம் என்று உட்கார்ந்தால் நான் படித்ததுதான் வாயில் வந்தது. எனக்குக் கண்ணா அவிந்து போயிற்று?

வீட்டு வாசலுக்கு வந்ததும் ஜெய்னம்பு சொன்னாள்: "ஒம்பது வயசுப் பொண்ணு ஒண்ணாவதுல எப்படிக்கா குந்தும்? அவ அத்தா இனிமே வூட்டுலயே இருக்கட்டும்னுடுவாங்க."

என் மகன் ஆண்பிள்ளை. எந்த வகுப்பிலும் உட்கார்ந்துகொள்வான்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டபோது பாத்திமா என்னைக் கைகாட்டியதுதான் கண்ணிலேயே நிற்கிறது. "எங்க கணக்கு அத்தைங்க சார்" என்றாள். அவ்வளவு பெருமை அந்த முகத்தில்.