லட்டு வாயில் பூ நூல்

அம்மா,

நைட் டூட்டி முடிச்சு வந்ததும் லட்டுக்குப் பால் வச்சிராத. என் ரூம்ல அட்டப்பெட்டிக்குள்ள படுத்திருக்கு.

சாயங்காலத்துல இருந்து எச்சி வடியுது. மடியில படுத்தா சொகத்துல எப்பவும் வடியும்ல, அப்படித்தான்னு இருந்துட்டேன். ஆனா மீன மோந்துகூடப் பாக்கல. வாயக் காலால பிறாண்டிக்கிட்டே இருந்துச்சு. தொறந்து பாத்தா நாக்குக்கு அடியில நூல் சுத்தியிருக்கு. நான் தலையில இருந்து கழட்டி மேசையில போட்ட மல்லிகப்பூ நூல்தான்.

அதப் புடிச்சு இழுத்துட்டேம்மா. அது கத்துன கத்து இன்னும் காதுல கேக்குது. பெறகுதான் போன்ல பாத்தேன், பூன நூல முழுங்கிருந்தா இழுக்கவே கூடாதாம், குடல அறுத்துருமாம். டாக்டர்தான் எடுக்கணுமாம். மாட்டாஸ்பத்திரி எட்டு மணிக்குத்தான் தொறக்கும். அதத் தூக்கிட்டுப் போற கூடை கட்டிலுக்கு அடியில இருக்கு.

உனக்கு மூணு தடவ நம்பர் போட்டுட்டு வச்சுட்டேன். "நீயெல்லாம் ஒரு அம்மாவா"ன்னு ஞாயித்துக்கிழம கேட்டதுல இருந்து நீ பேசலைல, எடுக்க மாட்டன்னு நெனச்சேன். அப்படிக் கேட்டது தப்புதான்.

குக்கர்ல சோறு இருக்கு. நான் திங்கல.

ஐரின்

நூல் இன்னும் உள்ளதான் இருக்கு. நீ தொடாத.

வந்ததும் என்னய எழுப்பு. திட்டிக்கிட்டே எழுப்புனாலும் சரிதான்.