குப்புறக் கிடந்த பேரனைப் பற்றி அப்பாவுக்கு

என்ரை அப்பா,

நீங்கள் கண்மூடிப் போன பிறகுதான் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. தொய்வு வந்து மூச்சு இழுத்தால் கதிரையைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் நெஞ்சைச் சாய்த்துக் குனிந்து இருப்பீர்களே. அப்படி இருந்தால் மூச்சு லேசாகும் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

கேட்பதற்குக் காரணம் உங்கடை பேரன். அக்காவுக்கு மாதம் நிறைவதற்கு முதலே பிறந்துவிட்டான். மூச்சுக்கு மிசின் வைத்தார்கள். தொண்டைக்குள் குழாய் இருந்ததால் அழுதாலும் சத்தம் வராது, வாய் மட்டும் கோணும். பிழைப்பானா என்று தெரியாமல், குரலும் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒரு பின்னேரம் போனால் அவனைக் குப்புறக் கிடத்தி, தலையை ஒரு பக்கம் திருப்பி, சீலைச் சுருளால் அணைகொடுத்திருந்தார்கள். அம்மா பதறிப்போனா.

"மிஸ், பிள்ளைக்கு மூச்சு முட்டப்போகுது. நிமித்தி விடுங்கோ."

"பிள்ளையைப் பாக்காதேங்கோ அம்மா, உந்த மொனிற்றரைப் பாருங்கோ," என்றா நேர்ஸ். ஒட்சிசன் அளவு காலையை விட ஏறியிருந்தது.

நேர்ஸ் விளக்கினா: மல்லாந்து கிடந்தால் இதயத்தின் பாரம் நுரையீரலின் பின்பக்கத்தில் விழுமாம். குப்புறக் கிடந்தால் அந்தப் பக்கம் விரியுமாம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரேமாதிரி இல்லையாம், மாற்றி மாற்றிக் கிடத்திப் பார்ப்பார்களாம். நான் உங்கள் கதிரையைப் பற்றிக் கேட்டேன்.

"ரெண்டும் ஒண்டில்லைத் தங்கச்சி. ஆனா உடம்பும் தனக்குத் தோதான இருப்பைத் தேடும்தானே."

அம்மாவுக்குப் பயம் தெளிந்தது. "உடம்பு பிரட்டுற வயசுக்கு முதலே பிரண்டிட்டான். உன்ரை அப்பரை மாதிரி அவசரக்காரன்," என்றா. அதோடு விடவில்லை. வீட்டிலும் குப்புறக் கிடத்தவென்று உங்கள் இலவம்பஞ்சுத் தலையணையைப் பிரித்துக் குட்டித் தலையணை தைத்துக்கொண்டு போனா.

நேர்ஸ் அதை வாங்கி என் கையில் தந்தா. "வீட்டை மல்லாத்தித்தான் அம்மா நித்திரையாக்க வேணும், தலையணையும் வேண்டாம். இஞ்சை மிசின் முழிச்சிருக்கு. அங்கை நீங்கள் குறட்டை."

நேற்று குழாயை எடுத்தார்கள். அழுதான். கரகரத்த குரல். தொய்வு விட்டதும் தேத்தண்ணி கேட்பீர்களே, அந்தக் குரல். அம்மா குனிந்து அவனுக்குக் கிட்டக் காதைக் கொடுத்தா. எனக்குக் கேட்டது அவவுக்கும் கேட்டிருக்குமா?

வீட்டுக்கு வந்தால் அவனை மல்லாத்தித்தான் படுக்கவைப்பேன், அப்பா. அம்மா என்ன சொன்னாலும் தலையணை என்னோடுதான் இருக்கும்.

கதிரையைத் திருப்பிப் போட்டு, அந்தத் தலையணையில் நெஞ்சைச் சாய்த்து, மூச்சு எப்படிப் போகிறதென்று பார்த்தபடி எழுதும்
உங்கடை சின்னமகள்