போடாத கையெழுத்து

தாராவி

அன்பு மகள் ஹபீபாவுக்கு வாப்பா இனாயத்துல்லா சொல்ல, பக்கத்து வீட்டு மாரீஸ்வரி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம்தானே?

நான் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்ததைக் கேட்டு, சாகணும்னே முடிவு பண்ணிட்டீங்களா என்று போனில் கத்தினாய். பன்னிரண்டு நாளாச்சு, அப்புறம் நீ பேசவில்லை.

டாக்டர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. வார்த்தை மாறாமல் இப்பவும் சொல்வேன். இருதயத்துக்குப் போகிற ஒரு குழாய் முழுசாக அடைந்து வருஷக்கணக்காகிறது. பக்கத்துச் சின்னக் குழாய்கள் வழியாகத்தான் அங்கே ரத்தம் சுற்றிப் போகிறது. மற்ற இரண்டிலும் அடைப்பு. மாத்திரை வலியை அடக்கும், அடைப்பைத் திறக்காது. கம்பி விட்டு ஸ்டென்ட் வைக்கலாம். பழைய அடைப்பு இறுகிக் கிடப்பதால் கம்பி நுழையாமலும் போகலாம். சுகரும் இருப்பதால் பைபாஸ்தான் நல்லது என்றார். நானும் சரியென்றுதான் சொன்னேன்.

பயந்து ஓடி வரவில்லைம்மா. நர்ஸ் படிவத்தை நீட்டி, கையெழுத்தா, அங்கூட்டாவா, அதாவது கைநாட்டா என்று கேட்டு மைப்பெட்டியைத் தேடினாள். பக்கத்தில் உன் மாமனார் ஜெயினுலாப்தீன். மைப்பெட்டி எதுக்கு, எங்க சம்பந்தி அந்தக் காலத்து எட்டாங்கிளாஸாக்கும் என்று சிரித்து, தன் பேனாவை என் கையில் வைத்தார். உன்னைப் பெண் கேட்டு வந்தபோது நான் சொன்ன பொய் அது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆப்ரேஷன் வேண்டாம், மாத்திரை போதும் என்று வெளியே வந்துவிட்டேன்.

எனக்கு எழுத்தே தெரியாது ஹபீபா. என் பேரைக்கூடப் போடத் தெரியாது. டீக்கடையில் யாராவது பேப்பரைச் சத்தமாகப் படிப்பார்கள். அதை வரி விடாமல் மனசில் வாங்கி வந்து, வீட்டில் பேப்பரை விரித்து உனக்குப் படித்துக் காட்டுவேன். உன் ரிப்போர்ட் கார்டில் எப்பவும் உம்மா கையெழுத்துத்தானே?

உன் நிக்காஹ் அன்றைக்குக் காய்ச்சல் என்று படுத்ததும் பொய். பள்ளிவாசல் புத்தகத்தில் பெண்ணின் தகப்பன் கையெழுத்துப் போடணுமே. சித்தப்பாவை அனுப்பிவிட்டுப் போர்வைக்குள் கிடந்தேன். வாப்பா வரலியே என்று நீ அழுததை உம்மாதான் வந்து சொன்னாள். மௌத்தாகும்வரை அவளும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

மூணு வாரம் கழித்து வர்ற செவ்வாய்க்கிழமை டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். போவேன், விரலை வைப்பேன். சம்பந்தியும் கூட வருகிறாராம். அதற்குள் அவரிடம் நீயே சொல்லிவிடும்மா. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது. கேட்டபிறகு அவர் வராமல் இருந்தாலும் குற்றமில்லை.

உன் பிள்ளைகளை அல்லாஹ் யார் முன்னாலும் தலைகுனிய வைக்காமல் காக்கட்டும். இதற்குப் பதில் எழுதாதே. போன் பண்ணு. திட்டுவதானாலும் உன் குரலில் திட்டு.

உன் வாப்பா