மைனஸ் நாற்பத்தெட்டு அடி

என் அருமை மாப்பிள்ளை ஞானமுத்து,

நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. எஸ்தரோடு கல்லறைத் தோட்டத்துக்கு நாலைந்து தடவை வந்திருக்கிறேன். ஜெபம் முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்துவிடுவேன். அண்ணனுக்குத் துக்கம் தாங்கவில்லை என்று என் தங்கை நினைத்துக்கொள்கிறாள். துக்கம் பாதிதான் மாப்பிள்ளை, மீதி என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்தில் ஆறாம் பாரத்துக்குப் பௌதிகம் இன்னும் நான்தான் எடுக்கிறேன். இப்போது தமிழிலேயே நடத்தச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் அப்போதே அப்படித்தான் நடத்தினீர்கள். "முதல்ல நீ எங்க நிக்கேன்னு சொல்லுலே. பொறவு ஃபார்முலாவைத் தொடு" என்று உங்கள் குரல் பக்கத்து வகுப்பிலிருந்து கேட்கும். நான் சிரிப்பேன். ஃபார்முலாவை உருப்போட்டால் போதாதா, இதென்ன கதாகாலட்சேபம் என்று ஆசிரியர் அறையில் கேலியும் பேசியிருக்கிறேன்.

அந்தப் பரீட்சைக்குக் கேள்வி போட்டது நீங்கள். அவரவர் வகுப்புத் தாளை அவரவர் திருத்தக் கூடாது என்பதால் திருத்தியது நான். கிணற்று விளிம்பில் நின்று, கிணற்றுக்கு நேர்மேலே, நொடிக்கு முப்பத்திரண்டு அடி வேகத்தில் ஒருவன் கல்லை எறிகிறான். மூன்று நொடி கழித்துக் கல் எங்கே இருக்கும்? உங்கள் வகுப்பு முழுக்க மைனஸ் நாற்பத்தெட்டு அடி என்று எழுதியிருந்தது. தரையில் விழுந்த கல்லுக்கு ஏது மைனஸ்? "உயரம் மைனஸில் வருமா?" என்று சிவப்பு மையில் எழுதி, அத்தனைக்கும் சைபர் போட்டேன். கேள்வியில் கிணறு என்ற வார்த்தையை நான் வாசிக்கவே இல்லை, மாப்பிள்ளை. எண்களை மட்டும் பொறுக்கிக்கொண்டேன்.

நீங்கள் தாள்கட்டோடு ஆசிரியர் அறைக்கு வந்தீர்கள். கோபமே இல்லாமல், "மச்சான், கல்லு கிணத்துக்குள்ளல்லா போகுது. விளிம்புல இருந்து நாப்பத்தெட்டு அடி கீழ" என்றீர்கள்.

அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போட்டது போட்டதுதான்" என்றேன். தலைமையாசிரியர் கேட்டபோது, "அவருக்கு அடிப்படையே சரியில்லை, சின்ன வகுப்புதான் சரிப்படும்" என்றும் சொன்னேன். எந்த வாயால் சொன்னேனோ!

பையன்கள் மற்றக் கேள்விகளை எழுதித் தேறிவிட்டார்கள். நீங்கள்தான் கடைசிவரை முதல் பாரத்துக்குக் கூட்டலும் பெருக்கலும் சொல்லிக்கொடுத்தீர்கள். ராஜபாளையத்துக்கு ஒரே பஸ்ஸில்தான் திரும்புவோம். ஒரு நாளாவது என்னைக் கேட்டீர்களா? கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேனோ என்னவோ.

எஸ்தர் கேட்டாள். "அண்ணே, அவிய ஏன் சின்ன வகுப்புக்குப் போனாவ? வாயே தொறக்க மாட்டேங்காவ." பெரிய வகுப்புக் கணக்கு அவருக்குக் கொஞ்சம் சிரமம், அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார் என்றேன். நான் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. நம்பிவிட்டாள்.

போன ஞாயிறு கோயிலில் ஆராதனை முடிந்து உங்கள் வீட்டில் சாப்பிட்டேன். உங்கள் மகள் ஜெயா இப்போது பௌதிகம் படிக்கிறாள். அறுபத்துநாலு அடி வேகத்தில் மேலே எறிந்த பந்துக்கு மூன்று நொடி கழித்து என்ன வேகம் என்ற கணக்கோடு வந்தாள். விடையில் மைனஸ் போட்டு அழித்திருந்தாள்.

"ஏட்டி, ஏன் அழிச்ச?"

"மைனஸ் வந்தா தப்புல்லா மாமா?"

தப்பில்லை, பந்து திரும்பிக் கீழே வருகிறது, அதைத்தான் அந்தக் குறி சொல்கிறது என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "எம்புட்டு லேசா சொல்லிட்டிய! இது உங்களுக்கு யாரு சொல்லித் தந்தா?"

மாப்பிள்ளை, உங்கள் படம் எதிரே மாட்டியிருந்தது. "புஸ்தகத்துல இருக்கு" என்றேன்.

அவள் நோட்டை மூடிக்கொண்டே சொன்னாள்: "அப்பாவுக்குத்தான் பெரிய வகுப்புக் கணக்கு வராதாம்ல. அம்மா சொன்னாவ."

உங்கள் வகுப்பைப் பறித்தேன். இப்போது பெற்ற பிள்ளையிடமிருந்தே உங்களையும் பறித்துவிட்டேனே. இதற்கு ஆண்டவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

வருகிற ஞாயிறும் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். எஸ்தரையும் ஜெயாவையும் உட்காரவைத்து, கிணறு, கல், சிவப்பு மை, நான் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொல்வேன். தங்கை இனி என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றாலும் சொல்வேன். ஜெயா அழித்த மைனஸை அவள் கையாலேயே திரும்பப் போடச் சொல்லி, "இது உங்க அப்பா எனக்குச் சொல்லித் தந்தது" என்பேன்.

இப்படிக்கு,
உங்களுக்குச் சைபர் போட்ட மச்சான்