வலிக்குது என்று சொன்னவள்

ஆகஸ்ட் 16, சனி

சாஃப்ட்பால் இறுதிப் போட்டியில் இன்று தங்கை மாரியின் பள்ளி தோற்றது. பார்க்கப் போன எனக்கோ பெருமை தாங்கவில்லை.

மாரிதான் அணிக்குப் பந்து எறிபவள். எறிந்து எறிந்தே தோளில் வலி வந்து, டாக்டர் ஓய்வு சொல்லியிருந்தார். பந்தைத்தானே தொடக்கூடாது என்று நாங்கள் லீவு நாளில் அவளை அம்மாவோடு மலைத் தோட்டத்துக்கு ஏலக்காய் எடுக்க, கூலியாட்களை ஏற்றும் ஜீப்பில் அனுப்பினோம். மலையில் யாரும் வலிக்குது என்று சொல்வதில்லை. சொன்னால் மறுநாள் ஜீப்பில் இடமிருக்காது. அவளும் சொல்லவில்லை. கையைத் தூக்கிச் சடை பின்ன முடியாதபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இன்று ஆட்டம் கைவிட்டுப் போகும் நேரத்தில் கோச் அவளை அழைத்தார். "கீழ இருந்து சுத்திப் போடுறதுதானத்தா. அதுல என்ன தோளு போயிரும்?"

"வலிக்குது சார். போட மாட்டேன்." எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் அணியில் ஒருத்தி, "மகாராணி தோளுக்கு மாலையப் போடுங்கடி" என்றாள்.

"எடது பக்கமாப் போடு, வலது தாங்காது" என்றாள் மாரி.

வீட்டில் இதைக் கேட்டதும் அம்மா, "எனக்குந்தாண்டி தோளு வலிக்குது, ரொம்ப நாளா" என்றாள்.

மாரி தன் ஐஸ் பையை எடுத்து அம்மாவின் தோளில் வைத்தாள்.